மாகாணியும் நிழல் குச்சியும்: நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக என்ன கொடுக்கலாம்?

ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோர் பள்ளி வாசலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "லீவுல ஆறாவது புக் வாங்கி நடத்திடலாமா சார்?" பிள்ளை கொஞ்சம் கெட்டிக்காரி என்றால் இந்தக் கேள்வி நாலாம் வகுப்பிலேயே வந்துவிடும். வேண்டாம் என்பதுதான் எங்கள் பதில். ஆறாம் வகுப்புப் புத்தகம் ஆறாம் வகுப்பில் எப்படியும் கைக்கு வரும். நாலிலும் ஐந்திலும் நடந்த பாடத்தை இன்னும் ஒரு முழம் ஆழமாகத் தோண்ட அதற்குப் பிறகு யாருக்கும் நேரம் இருக்காது. வகுத்தலும் பின்னமும் தொடக்கப் பள்ளியிலேயே முடிந்த கதை என்றுதான் மேல்வகுப்பு ஆசிரியர் எடுத்துக்கொள்வார்.

பாடம் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதை மதிப்பெண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. தமிழ்நாட்டு முப்பருவ முறையில் வளரறி மதிப்பீட்டுக்கு (பருவம் முழுக்க வகுப்பில் பார்ப்பது) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவக் கடைசித் தேர்வு) 60. அந்த அறுபதில் ஐம்பத்தைந்து வாங்கும் பிள்ளையிடமும் ஓட்டை இருக்கும். புத்தகத்தின் பின்பக்கக் கணக்கு அதே எண்ணோடு வரும்போது சரியாகப் போடும். எண்ணைக் கொஞ்சம் புரட்டிக் கேட்டால் தடுமாறும்.

அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது, 2023-24-இல் நாலு, ஐந்துக்கும் நீண்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்துப் பார்க்கும் பழக்கம் அதோடு வகுப்பறைக்குள் வந்தது. பின்தங்கிய பிள்ளையைத் தூக்கிவிட அது உதவுகிறது. முதலில் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் மலர் நிலைப் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்பதில்தான் சிக்கல். "பக்கத்துல இருக்கறவனுக்குச் சொல்லிக்கொடு" என்பது ஒரு நாளைக்குச் சரி, ஒரு வருஷத்துக்கு ஆகாது. "இன்னும் பத்து கணக்கு போடு" என்பது தண்டனை. சீக்கிரம் முடித்தால் வேலை கூடும் என்று தெரிந்த பிள்ளை மெதுவாக எழுதக் கற்றுக்கொள்ளும். எல்லோரும் ஒரே பொருளைக் கையில் எடுத்து, அவரவர் ஆழத்துக்கு இறங்கும்படியான வேலைதான் வகுப்பறைக்கும் வீட்டுக்கும் ஒத்துவரும்.

முதலில் வாய்ப்பாடு. பாடிக் காட்டச் சொன்னால் எல்லாப் பிள்ளையும் பாடும். "ஏழெட்டு?" என்று நடுவில் கேட்டால் ஓரேழு ஏழிலிருந்து ஓடிவந்து ஐம்பத்தாறில் நிற்கும். வகுத்தல் கணக்கு பாதியில் உடைவதற்கு இந்த ஓட்டம்தான் காரணம்: ஓடி முடிப்பதற்குள் எந்த இலக்கத்தில் நின்றோம் என்பது மறந்துபோகும். 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் நாலாம் வகுப்பில் பெரும்பாலும் கைவந்திருக்கும். மிச்சம் 3, 4, 6, 7, 8, 9. ஏழெட்டும் எட்டேழும் ஒன்றுதான் என்பதால், உண்மையில் மனத்தில் உட்கார வேண்டியவை 21 பெருக்கல்கள் மட்டுமே. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை 21 துண்டாக வெட்டி, முன்னால் கேள்வி, பின்னால் விடை எழுதிக் கலைத்துப் போட்டுக் கேளுங்கள். உடனே சொன்னதை ஒரு குவியலிலும், யோசித்துச் சொன்னதை இன்னொரு குவியலிலும் வையுங்கள். இரண்டாவது குவியலில் நாலைந்துதான் மிஞ்சும். மறுநாள் அவற்றை மட்டும் கேட்டால் போதும், முழு வாய்ப்பாட்டையும் திரும்பப் பாட வேண்டாம்.

வகுத்தலில் ஒரே ஒரு கணக்கு கொடுத்துப் பார்த்தால் போதும், பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்: 612 ÷ 6. பல பிள்ளைகள் 12 என்று எழுதும். ஆறில் ஆறு ஒரு தடவை. அடுத்து 1, அதில் ஆறு போகாது. உடனே 2-ஐ இறக்கி, பன்னிரண்டில் ஆறு இரண்டு தடவை. பத்துகளின் இடத்தில் விழ வேண்டிய பூஜ்யம் விழவே இல்லை. கவனக்குறைவு என்று திட்டுவோம், ஆனால் கோளாறு கவனத்தில் இல்லை. 'இறக்கு, வகு, கழி' என்ற சடங்கில் இலக்கத்தின் மதிப்பு காணாமல் போயிருக்கிறது. விளையாட்டுப் பணத்தில் ஆறு நூறு ரூபாய்த் தாள், ஒரு பத்து ரூபாய்த் தாள், இரண்டு ஒரு ரூபாய் நாணயம் கொடுத்து ஆறு பேருக்குப் பிரிக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு நூறு வந்துவிட்டது. ஒற்றைப் பத்து ரூபாயை ஆறு பேருக்குக் கொடுக்க முடியாது, அதனால் பத்தாக யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. அந்த 'எதுவும் இல்லை'தான் பூஜ்யம். பத்தைச் சில்லறை மாற்றினால் மொத்தம் பன்னிரண்டு நாணயம், ஆளுக்கு இரண்டு. 102. இதோடு ஒரு பழக்கத்தையும் சேர்த்துவிடுங்கள்: வகுக்கத் தொடங்கும் முன்பே விடை நூறுக்கு மேலா கீழா என்று வாயால் சொல்ல வேண்டும். "அறுநூறை ஆறால வகுத்தாலே நூறு வருது" என்று சொல்லிய பிள்ளை, 12 என்று எழுதினால் தானே அழிக்கும்.

இனி பின்னம். நாலாம், ஐந்தாம் வகுப்பில் நேரம் கொட்டிச் செய்ய வேண்டிய ஒன்று உண்டென்றால் இதுதான். வட்டமான தோசையை, கேக்கை வெட்டிக் காட்டியே பின்னத்தை அறிமுகம் செய்கிறோம். அறிமுகத்துக்கு அது போதும். அதற்குமேல் வட்டம் கைகொடுக்காது, வட்டத்தை மூன்றாக, ஆறாகக் கையால் சமமாக வெட்டப் பெரியவர்களாலேயே முடியாது. பட்டைக்கு மாறுங்கள்.

சார்ட் பேப்பரில் 24 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்தில் ஏழு பட்டைகள். ஏன் 24? 2, 3, 4, 6, 8, 12 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும் எண் அது. ஒரு பட்டையை அப்படியே விடுங்கள். மற்றவற்றில் முறையே 12, 8, 6, 4, 3, 2 செ.மீ. இடைவெளியில் கோடு போட்டால் அரை, மூன்றில் ஒன்று, கால், ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று வந்துவிடும். பாதி, கால், அரைக்கால் (எட்டில் ஒன்று) மடித்தே வரும். மூன்றை மடிக்க முயலாதீர்கள், அளந்து கோடு போடுங்கள். இந்த இடத்தில் கெடுவது ஸ்கேல்தான். பல பிளாஸ்டிக் ஸ்கேல்களில் பூஜ்யம் ஓரத்தில் இருக்காது, சில மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். பிள்ளை ஓரத்திலிருந்து அளக்கும். சில பிள்ளைகள் 1-இலிருந்தே தொடங்கும். ஒரு பட்டை 24, இன்னொன்று 23 என்று ஆகிவிட்டால் பிறகு எந்த ஒப்பீடும் பொருந்தாது. முழுப் பட்டைகள் ஏழையும் முதலில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓரம் சரிபார்த்த பின்பே கோடு போட விடுங்கள்.

பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியதும், எட்டில் ஒன்று காலைவிடப் பெரியது என்ற குழப்பம் (எட்டு நாலைவிடப் பெரிய எண்ணாயிற்றே!) கண்ணாலேயே தீர்ந்துவிடும். அடுத்து வரும் தவறு பிடிவாதமானது: 1/2 + 1/3 = 2/5. மேலுள்ளதை மேலோடு, கீழுள்ளதைக் கீழோடு கூட்டுவது. தவறு என்று சொல்லி விதியை மனப்பாடம் செய்ய வைத்தால் அடுத்த பருவத்தில் மறுபடி முளைக்கும். அளக்க விடுங்கள். அரைப் பட்டை 12 செ.மீ., மூன்றில் ஒன்று 8, சேர்த்து வைத்தால் 20. ஐந்தில் இரண்டு பங்கு என்றால் 24-இல் 9.6 செ.மீ. அரைப் பட்டையே 12 இருக்கிறது, அதனோடு இன்னொன்றைச் சேர்த்த பிறகு அதைவிடக் குறைந்துபோகுமா? பிள்ளை இந்த இடத்தில் சிரிக்கும். சிரித்த பிறகு, அந்த 20 செ.மீ. எந்தப் பட்டையால் சரியாக அளபடும் என்று தேடச் சொல்லுங்கள். ஆறில் ஒன்று 4 செ.மீ.; ஐந்து தடவை வைத்தால் 20. ஆக 5/6. பொதுப் பகுதி என்ற சொல்லை இதற்குப் பிறகு சொன்னால் போதும்.

முந்திக்கொண்ட பிள்ளைக்கு அடுத்த படி நம் பாட்டன்மார் கணக்கிலேயே இருக்கிறது. கால், அரை, முக்கால் இன்றும் புழங்குகிறது. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று என்று சொன்னால் பிள்ளைக்கே விளங்கும், காலில் அரை. அதற்கும் கீழே மாகாணி, பதினாறில் ஒன்று. வீசம் என்றும் சொல்வார்கள். மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு நூலை வைத்து இவற்றைப் பாடமாக ஓதினார்கள். ஒப்பிக்க வைப்பதற்காக இதை இங்கே சொல்லவில்லை. ஒரு புதிர் இதற்குள் ஒளிந்திருக்கிறது: மாகாணிக்கு ஏன் அந்தப் பெயர்?

மாவும் காணியும் சேர்ந்ததுதான் மாகாணி. உண்மைதானா என்று பார்க்கச் சொல்லுங்கள். 1/20 என்பது 4/80. அதோடு 1/80 சேர்ந்தால் 5/80, அதாவது 1/16. பெயருக்குள்ளேயே ஒரு கூட்டல் கணக்கு உட்கார்ந்திருக்கிறது. இன்னும் வேண்டுமென்றால், ஒன்று என்பதை 320 முந்திரி என்று வைத்துக்கொண்டு அட்டவணை போடலாம்: அரை 160, கால் 80, அரைக்கால் 40, மாகாணி 20, மா 16, காணி 4. இப்போது பின்னக் கணக்கெல்லாம் முழு எண் கணக்காகிவிடும். மூன்று மா பெரியதா, அரைக்கால் பெரியதா? 48, 40, மூன்று மாதான் பெரியது. காலும் மாகாணியும் சேர்ந்தால் எவ்வளவு? 100 முந்திரி, அதாவது 5/16. ஆறாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடாமலேயே ஆறாம் வகுப்புப் பின்னத்தை இந்தப் பிள்ளை போட்டுவிட்டது. ஒரே எச்சரிக்கை: பட்டை வேலை முடியாத பிள்ளையிடம் முந்திரியைக் கொண்டுபோகாதீர்கள். புதுப்பெயர்கள் இன்னொரு மனப்பாடச் சுமையாகிவிடும்.

சுற்றளவு, பரப்பளவுக்கு 24 செ.மீ. நூல் ஒன்றை முடிச்சுப் போட்டு வளையமாக்கி, ஒரு செ.மீ. கட்டம் போட்ட நோட்டில் வைத்துச் செவ்வகங்கள் செய்யச் சொன்னால் போதும். (முடிச்சுக்கு 3 செ.மீ. கூடுதலாக நூல் விடுங்கள். இல்லாவிட்டால் சுற்றளவு குறைந்துபோகும்.) 11-க்கு 1 என்றால் 11 கட்டம், 10-க்கு 2 என்றால் 20, பிறகு 27, 32, 35, கடைசியில் 6-க்கு 6 வைத்தால் 36. சுற்றளவு ஒன்றாக இருந்தால் பரப்பும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கும் பெரியவர்களும் உண்டு.

வாசிப்புக்கு வருவோம். மூன்றாம் வகுப்புவரை படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். நாலிலிருந்து படித்துத்தான் மற்றதைக் கற்க வேண்டும். இந்தத் திருப்பத்தில் தடுமாறும் பிள்ளையை, அறிவியல் வரவில்லை, சமூக அறிவியல் வரவில்லை என்று தப்பாகக் கணிக்கிறோம். தமிழில் தடுக்குவது பெரும்பாலும் நீளமான வினைச்சொல்லில். 'கொண்டுவரப்பட்டிருந்தது' என்று ஒரு சொல் வந்தால் பிள்ளை முதல் மூன்றெழுத்தைப் படித்துவிட்டு மிச்சத்தை ஊகிக்கும். 'கொண்டுவந்தது' என்று வாசித்துவிட்டுப் போய்விடும். யார் கொண்டுவந்தது என்று கேட்டால் விழிக்கும். பென்சிலால் கோடு போட்டுப் பிரிக்கக் கற்றுக்கொடுங்கள்: கொண்டு, வர, பட்டு, இருந்தது. ஒரு பக்கத்தில் இப்படி ஐந்து சொல் பிரித்தால் போதும், இரண்டு மூன்று வாரத்தில் கண்ணே பிரிக்கத் தொடங்கும். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஆங்கிலத்துக்குச் சொல்லும் அளவைத் தமிழில் பொருத்தாதீர்கள். அங்கே நாலைந்து சொல்லில் வருவது இங்கே ஒரே சொல்லில் வரும்.

புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. பள்ளிக் கல்வித் துறை நாலு, ஐந்தாம் வகுப்புகளுக்கென்றே 'ஊஞ்சல்' இதழைக் கொண்டுவந்தது. வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியில் பள்ளிகளுக்கு வந்திருக்கின்றன. ஐந்தாம் வகுப்பு என்பதற்காக 'பற' வரிசையைக் கையில் திணிக்க வேண்டாம். ஒரு பக்கத்தை வாசிக்க விட்டு, தடுக்கும் சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டியது. வாசித்த பிறகு "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். பாதியில் மூடி வைத்துவிட்டு, "இப்ப அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா, ஏன்?" என்று கேளுங்கள்.

சொல்வதெழுதுதலில் ல, ள, ழ குழப்பத்துக்கு நூறு தடவை எழுதச் சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. நம் ஊர்களில் பலர் பேச்சில் ழகரம் ளகரமாகத்தான் ஒலிக்கிறது. ரகர றகர வேறுபாடும் பேச்சில் தேய்ந்துவிட்டது. காதில் விழாத வேறுபாட்டைக் கை எப்படி எழுதும்? எனவே பொருளைக் கொண்டே பிரிக்க வேண்டும். வலி, வளி, வழி. கரை, கறை. அரம், அறம். பல்லி, பள்ளி. வாரம் மூன்று இணை, ஒவ்வொன்றுக்கும் பிள்ளையே ஒரு வாக்கியம்: "ஆற்றங்கரையில் உட்கார்ந்தேன், சட்டையில் கறை பட்டது." வாக்கியம் பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். நாம் எழுதிக்கொடுத்ததை நோட்டில் இறக்கினால் அது கையெழுத்துப் பயிற்சி, அவ்வளவே.

கட்டுரை எழுதுவது என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று நோட்ஸிலிருந்து இறக்குவது என்றாகிவிட்டது. அதற்குப் பதில் செய்முறை எழுதச் சொல்லலாம். தலைப்பு: எலுமிச்சை ஜூஸ் போடுவது எப்படி. ஒரு பிள்ளை எழுத, இன்னொரு பிள்ளை அதில் எழுதியிருப்பதை மட்டும் அப்படியே செய்ய வேண்டும், வாயைத் திறந்து கேட்கக் கூடாது. முதல் வரைவு பெரும்பாலும் இப்படி வரும்: "எலுமிச்சம்பழத்தைப் பிழிய வேண்டும். தண்ணீர் ஊற்ற வேண்டும். சர்க்கரை போட வேண்டும். குடிக்க வேண்டும்." செய்பவர் முழுப் பழத்தை வெட்டாமலே கையில் வைத்து நசுக்குவார். தண்ணீரை எதில் ஊற்றுவது என்று எழுதவில்லை, தரையில் ஊற்றப் போவார். வகுப்பே சிரிக்கும், எழுதிய பிள்ளை நோட்டைப் பிடுங்கித் திருத்தத் தொடங்கும். இரண்டாம் வரைவில் கத்தி வரும், விதை வரும், டம்ளர் வரும், 'ஒரு பழத்துக்கு 200 மில்லி தண்ணீர், இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு' என்று அளவு வரும். மூன்றாம் வரைவில் வரிசை வரும்: ஐஸைப் போட்டுவிட்டுச் சர்க்கரையைப் போட்டால் குளிரில் சீக்கிரம் கரையாது, அடியில் தங்கும், அதனால் சர்க்கரையைக் கரைத்த பிறகுதான் ஐஸ். 'முதலில்', 'பிறகு', 'அதற்குள்' போன்ற சொற்கள் எதற்கு இருக்கின்றன என்று இலக்கணம் சொல்லாமலே தெரிந்துவிடும். கத்தி வேலை மட்டும் பெரியவர் கையில் இருக்கட்டும்.

நுழைவுத் தேர்வு பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகர் சைனிக் பள்ளிக்கு ஆறாம் வகுப்பில் சேர எழுதும் அகில இந்தியத் தேர்வில் 125 கேள்விகள், 150 நிமிடம், 300 மதிப்பெண். அதில் கணக்குக்கு மட்டும் 150. தமிழிலும் எழுதலாம். அந்தக் கணக்கில் பாதி நாலாம், ஐந்தாம் வகுப்புச் சரக்குதான். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் கொஞ்சம்தான் கிடைக்கும் என்பதால் கடினமாகத் தெரிகிறது. கோச்சிங் சேர்ப்பதற்கு முன்னால் அந்த 21 அட்டைகளை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, ஜூனில் தொடங்கி டிசம்பர்வரை நீளும் ஒரு வேலை. செலவு ஒன்றுமில்லை. மொட்டை மாடியிலோ பள்ளி மைதானத்திலோ நாள் முழுக்க வெயில் விழும் சமதளத்தில், 30 செ.மீ. உயரக் குச்சி ஒன்றை ஈரக் களிமண்ணில் நட்டு நிறுத்துங்கள். செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க, நூலில் ஓர் இரும்பு நட்டை (போல்ட்டோடு வருவது) கட்டித் தொங்கவிட்டு இரண்டு பக்கத்திலிருந்தும் ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் மறுபக்கச் சாய்வு தெரியாது. உயரம் மண்ணுக்கு மேலே 30 இருக்க வேண்டும். புதைந்த பகுதியையும் சேர்த்து அளந்துவிடுவது வழக்கமாக நடக்கும் பிழை. பகல் 11.45 முதல் 12.45 வரை பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் சுண்ணாம்புக் கட்டியால் புள்ளி வையுங்கள். மிகக் குட்டையான நிழல் அன்றைய நடுப்பகல் நிழல். அது விழும் திசை சுத்தமான வடக்கு-தெற்கு.

மிகக் குட்டையான நிழல் பெரும்பாலும் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வராது. கடிகாரம் தப்பா என்று பிள்ளைகள் கேட்பார்கள். இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்தது. தமிழ்நாடு முழுவதும் அதற்கு மேற்கே இருப்பதால் சூரியன் இங்கே உச்சிக்கு வரக் கொஞ்சம் தாமதமாகும். ஆகஸ்ட் நடுவில் சென்னையில் சுமார் 12.13, மாதக் கடைசியில் மதுரையில் சுமார் 12.19. நிழலின் நுனி மங்கலாக இருப்பதும் பிழையில்லை. சூரியன் புள்ளியாக இல்லாமல் வட்டமாக இருப்பதால் 30 செ.மீ. குச்சிக்குக் கிட்டத்தட்ட கால் செ.மீ. மங்கல் வரும். மங்கலின் நடுவில் புள்ளி வைப்பது என்று முதல் நாளே முடிவுசெய்து, எல்லோரும் அதையே பின்பற்ற வேண்டும். ஒரு மீட்டர் கழி நட்டால் இன்னும் துல்லியமாக வருமே என்று தோன்றும். மங்கலும் ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடும், பெரிய லாபமில்லை.

சென்னைக்கு எண்கள் இப்படி வரும். ஜூன் 21-இல் நிழல் ஐந்தரை செ.மீ., அதுவும் தெற்கே விழும். சூரியன் நம் தலைக்கு வடக்கே போயிருக்கிறது என்பதைப் பிள்ளைகள் சட்டென்று நம்ப மாட்டார்கள், அளந்த பிறகு நம்புவார்கள். ஆகஸ்ட் 18 வாக்கில் நிழலே இருக்காது. குச்சியின் அடியில் ஒடுங்கிவிடும். செப்டம்பர் 23-இல் வடக்கே 7 செ.மீ., டிசம்பர் 21-இல் வடக்கே 22 செ.மீ. நிழலில்லா நாள் ஊருக்கு ஊர் மாறும்: கோயம்புத்தூரில் சுமார் ஆகஸ்ட் 24, மதுரையில் 27, கன்னியாகுமரியில் செப்டம்பர் 1. ஏப்ரலிலும் ஒரு தடவை வரும், ஆனால் அப்போது பிள்ளைகள் தேர்விலோ லீவிலோ இருப்பார்கள். ஆகஸ்டில் மேகம் வந்து கெடுத்துவிட்டால் கவலைப்பட வேண்டாம். ஒரு நாள் முன்னே பின்னே ஆனாலும் 30 செ.மீ. குச்சிக்கு வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டருக்குள்தான், மங்கலைவிடக் குறைவு. மறுநாள் 12 மணிக்கு அதே குச்சியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகலாம்.